காட்டுப் புல்லில் புதையல் கண்ட ஜானகி அம்மாள்

குழந்தைகளே, மக்காச்சோளக் கதிரைச் சுட்டுத் தின்றிருப்பீர்கள். பொன்னிற மணிகள் வரிசை வரிசையாக, பல் வரிசை போல் அழகாக இருக்கும். ஒரு மணிகூட இல்லாத கதிரைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் ஊர் அய்யம்பாளையம். பழனி மலையின் அடிவாரத்தில், மருதாநதி அணைக்குப் பக்கத்தில் இருக்கிறது. கிணற்றில் தண்ணீர் உள்ளவர்கள் தென்னை வைத்திருப்பார்கள். மேட்டு நிலக்காரர்கள் வானத்தை நம்பிச் சோளமும் மக்காச்சோளமும் விதைப்பார்கள். நான் ஆசிரியராக வேலை பார்த்த காலத்தில் ஒரு வருடம் ஐப்பசி மழை பாதியில் நின்றுவிட்டது. ஐந்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் நாலைந்து மக்காச்சோளக் கதிர்களைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தான். உரித்துப் பார்த்தோம். ஒன்றில் மணியே இல்லை. மற்றவற்றில் அங்கே ஒன்று, இங்கே ஒன்று. பொக்கை வாய்த் தாத்தா சிரிப்பதுபோல் இருக்கிறது என்று வகுப்பே சிரித்தது. அவன் மட்டும் சிரிக்கவில்லை. அவை அவனுடைய அப்பா கடன் வாங்கி விதைத்த வயலின் கதிர்கள்.

பிறகு அவன் ஒரு கேள்வி கேட்டான். அதே மேட்டு நிலத்தில் விதைத்த நாட்டுச் சோளம் தாக்குப்பிடித்து நிற்கிறதே, அந்தப் பலத்தை மக்காச்சோளத்துக்குக் கொடுக்க முடியாதா என்று. எனக்குப் பதில் தெரியவில்லை. படித்துச் சொல்கிறேன் என்றேன். அப்படித் தேடிப் படித்தபோதுதான் ஜானகி அம்மாளைப் பற்றி முழுமையாகத் தெரிந்துகொண்டேன். அந்தக் கதையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

கதிர் ஏன் பொக்கையாகிறது?

முதலில் ஒரு சிறு பாடம். மக்காச்சோளச் செடியின் உச்சியில் ஒரு பூங்கொத்து இருக்கும். அது ஆண் பூ. அதிலிருந்து மகரந்தத் தூள் காற்றில் உதிரும். செடியின் நடுவில் கதிர் இருக்கும். அதுதான் பெண் பூ. கதிரின் நுனியில் பட்டு நூல்போல் முடி தொங்குமே, அதைப் பிய்த்து மீசை வைத்து விளையாடியிருப்பீர்கள். அந்த முடி ஒவ்வொன்றும் கதிருக்குள் ஒரு மணியோடு இணைந்திருக்கிறது. ஒரு முடியில் மகரந்தம் விழுந்தால் ஒரு மணி. விழாவிட்டால் அந்த இடம் காலி.

பூக்கும் சமயத்தில் மண்ணில் ஈரம் இல்லை என்றால் என்ன ஆகும்? உச்சிப் பூ தன் நேரத்துக்குத் தூளை உதிர்த்துவிடும். முடி மட்டும் தாமதமாக வெளியே வரும். அது வருவதற்குள் மகரந்தம் தீர்ந்துவிடும். திருவிழா முடிந்த பிறகு தேர் பார்க்க வந்தவன் கதைதான். சில நாள் தாமதம், ஒரு வருடத்து உழைப்பையே கொண்டுபோய்விடும்.

இந்தக் குறையை எப்படிச் சரிசெய்வது? செடிகளின் குணங்கள் எங்கே ஒளிந்திருக்கின்றன? ஒரு செடியின் குணத்தை இன்னொரு செடிக்குக் கொண்டுபோக முடியுமா? இப்படிப்பட்ட கேள்விகளுக்குத் தன் வாழ்நாள் முழுவதையும் கொடுத்தவர்தான் ஜானகி அம்மாள்.

தலைச்சேரிச் சிறுமி

1897ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் தேதி ஜானகி பிறந்தார். ஊர் தலைச்சேரி. இன்று கேரளத்தில் இருக்கிறது. அன்று அது சென்னை மாகாணத்தைச் சேர்ந்த ஊர். அப்பா இ. கே. கிருஷ்ணன் நீதிபதி. வழக்குகளைப் பார்த்த நேரம் போக, செடி கொடிகளையும் பறவைகளையும் கவனிப்பதில் அவருக்கு மிகுந்த ஆர்வம். பெரிய குடும்பம். வீடு நிறையப் பிள்ளைகள். வீட்டைச் சுற்றித் தோட்டம். அந்தத் தோட்டமே ஜானகியின் முதல் பள்ளிக்கூடம்.

அந்தக் காலத்தில் பெண் பிள்ளைகள் கொஞ்சம் எழுதப் படிக்கத் தெரிந்துகொண்டாலே பெரிது. பிறகு கல்யாணம்தான். ஜானகியின் அக்காமார்களுக்கும் அப்படியே நடந்தது. ஆனால் ஜானகி கல்யாணம் வேண்டாம், படிப்புதான் வேண்டும் என்று உறுதியாக இருந்தார். கடைசிவரை அந்த உறுதி மாறவில்லை.

தலைச்சேரியில் பள்ளிப்படிப்பை முடித்துவிட்டுச் சென்னைக்கு வந்தார். ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் தாவரவியல் படித்தார். பிறகு சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியையாக வேலைக்குச் சேர்ந்தார். ஆமாம், அவரும் ஒரு டீச்சர்தான்!

1924ஆம் ஆண்டு அவருக்கு ஒரு நல்ல வாய்ப்பு வந்தது. அமெரிக்காவில் உள்ள மிச்சிகன் பல்கலைக்கழகம், ஆசிய நாட்டுப் பெண்கள் படிப்பதற்காகப் பார்பர் உதவித்தொகை என்ற ஒன்றை வழங்கிவந்தது. அது ஜானகிக்குக் கிடைத்தது. கப்பலேறிப் போனார். முதுகலைப் பட்டம் வாங்கித் திரும்பி வந்து மறுபடியும் பாடம் நடத்தினார். மீண்டும் அமெரிக்கா சென்று, 1931ஆம் ஆண்டு டாக்டர் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் தாவரவியலில் டாக்டர் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவர்தான் என்று சொல்கிறார்கள்.

நூல் எண்ணும் வேலை

ஜானகி அம்மாள் அங்கே கற்றுவந்தது செல்லியல். எல்லா உயிர்களின் உடலும் செல்களால் ஆனது என்று படித்திருப்பீர்கள். ஒவ்வொரு செல்லுக்கும் உள்ளே மிக நுண்ணிய நூல்கள் இருக்கின்றன. அவற்றுக்குக் குரோமோசோம் என்று பெயர். உயரமா குட்டையா, இனிப்பா கசப்பா, வறட்சியைத் தாங்குமா தாங்காதா என்ற குணங்களை எல்லாம் சுமந்து செல்பவை இந்த நூல்கள்தாம்.

நமக்கு 46 குரோமோசோம்கள். மக்காச்சோளத்துக்கு 20. சோளத்துக்கும் 20. தடித்த இனிப்புக் கரும்புக்கு 80. இவற்றை எப்படி எண்ணுவது? வேர் நுனியைச் சீவி எடுத்து, சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டில் வைத்து, நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். ஒன்றின்மேல் ஒன்று கிடக்கும் நூல்துண்டுகளைப் பொறுமையாகப் பிரித்து எண்ண வேண்டும். ஒரு தடவை எண்ணினால் போதாது. பல செல்களில் எண்ணிச் சரிபார்க்க வேண்டும். பொறுமைசாலிகளுக்கு மட்டுமே வரும் வேலை இது.

நாடு திரும்பிய ஜானகி அம்மாள் திருவனந்தபுரத்தில் 2 ஆண்டுகள் பேராசிரியையாக இருந்தார். அதன் பிறகு 1934ஆம் ஆண்டு கோயம்புத்தூருக்கு வந்தார்.

கரும்புக்கு உறவான நாணல்

கோயம்புத்தூரில் 1912ஆம் ஆண்டிலேயே கரும்பு ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டிருந்தது. ஏன் கோயம்புத்தூரில்? எல்லா ஊரிலும் கரும்பு நன்றாகப் பூக்காது. கோயம்புத்தூர்த் தட்பவெப்பத்தில் பூத்து விதை பிடிக்கும். பூத்தால்தானே ஒரு வகையோடு இன்னொரு வகையைக் கலக்க முடியும்!

அன்று நம் நாட்டுக்கு ஒரு கவலை இருந்தது. தடித்த கரும்பில் சாறு அதிகம், இனிப்பும் அதிகம். ஆனால் அது செல்லப்பிள்ளை. வடநாட்டுக் குளிரும் வறட்சியும் அதற்கு ஆகாது. அங்கே விளைந்த மெல்லிய கரும்பிலோ சர்க்கரை குறைவு. அதனால் ஜாவாவிலிருந்து கப்பல் கப்பலாகச் சர்க்கரை வாங்க வேண்டியிருந்தது.

டி. எஸ். வெங்கட்ராமன் என்ற விஞ்ஞானி அந்த நிலையத்தில் இருந்தார். ஆற்றங்கரையில் யாரும் விதைக்காமல் தானாக முளைக்கும் நாணலைக் கரும்போடு கலந்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. நாணல் கரும்புக்கு உறவுக்காரப் புல். வெள்ளத்தில் மூழ்கினாலும் சாகாது. வெயிலில் காய்ந்தாலும் மறுபடி துளிர்க்கும். அப்படிப் பிறந்த கோ 205 என்ற கரும்பு 1918ஆம் ஆண்டு விவசாயிகளுக்குக் கொடுக்கப்பட்டது. கோ என்றால் கோயம்புத்தூர்! கரும்பின் இனிப்பும் நாணலின் பலமும் ஒன்றாகச் சேர்ந்தன. வடநாட்டு வயல்களில் அது செழித்து வளர்ந்தது.

அந்த நிலையத்துக்குத்தான் ஜானகி அம்மாள் மரபியல் அறிஞராக வந்தார். பல இடத்து நாணல்களை எடுத்து அவற்றின் குரோமோசோம்களை எண்ணினார். ஓர் அதிசயம் தெரிந்தது. பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருந்தாலும், இடத்துக்கு இடம் நாணலின் குரோமோசோம் எண்ணிக்கை மாறியது. இன்று அது 40 முதல் 128 வரை இருக்கலாம் என்று தெரிந்திருக்கிறது. நாம் வெறும் புல் என்று மிதித்துப் போகிற ஒன்றுக்குள் எத்தனை விதமான குணங்கள்!

கரும்பும் மக்காச்சோளமும்

அடுத்து அவர் இன்னும் துணிச்சலான காரியத்தில் இறங்கினார். நாணல் கரும்புக்கு நெருங்கிய உறவு. தூரத்து உறவுகளோடு கரும்பைச் சேர்க்க முடியுமா? கரும்பு, சோளம், மக்காச்சோளம், தர்ப்பை எல்லாமே புல் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆனால் பல லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பாகம் பிரித்துக்கொண்டு தனித்தனியாகப் போனவை.

பூவைப் பையால் மூடி, வேறு மகரந்தம் படாமல் காத்து, வேண்டிய மகரந்தத்தைக் கையால் தூவி, விதை பிடிக்குமா என்று காத்திருக்க வேண்டும். பெரும்பாலும் பிடிக்காது. பிடித்தாலும் முளைக்காது. அப்படியும் ஜானகி அம்மாள் கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்து ஒரு புதிய செடியை உண்டாக்கிவிட்டார். அதைப் பற்றிய அவருடைய குறிப்பு 1938ஆம் ஆண்டு உலகப் புகழ்பெற்ற நேச்சர் இதழில் வெளிவந்தது. கரும்பைச் சோளத்தோடும், தர்ப்பை வகைப் புல்லோடும் கலந்து வந்த செடிகளையும் அவர் ஆராய்ந்தார்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். கரும்பும் மக்காச்சோளமும் கலந்த அந்தச் செடி வயலுக்கு வரவில்லை. விவசாயிகள் யாரும் அதைப் பயிரிடவில்லை. அப்படியானால் அந்த உழைப்பு வீணா? இல்லை. தூரத்து உறவுகளுக்கு நடுவிலும் கதவு முழுவதுமாக அடைபடவில்லை என்று அது காட்டியது. அந்தக் கதவு எவ்வளவு குறுகலானது என்பதையும் காட்டியது. இரண்டுமே பின்னால் வருகிறவர்களுக்குத் தேவையான பாடம்.

வேலை நன்றாக நடந்தாலும் அவருக்கு மன நிம்மதி இல்லை. உடன் வேலை பார்த்த ஆண்களில் சிலர் அவரைச் சமமாக மதிக்கவில்லை. பெண் என்பது ஒரு காரணம். கல்யாணம் செய்துகொள்ளாமல் தனியாக வாழ்ந்ததும், பிறந்த சாதியும் மற்றக் காரணங்கள். எவ்வளவு படித்தவர்கள் இருக்கும் இடத்திலும் இப்படி நடந்திருக்கிறது பாருங்கள். ஜானகி அம்மாள் வேறு வழியைத் தேடினார்.

குண்டு மழையில் ஆராய்ச்சி

1939ஆம் ஆண்டு ஆகஸ்டில் எடின்பரோ நகரில் உலக மரபியல் மாநாடு நடந்தது. அதற்காக அவர் பிரிட்டனுக்குப் போனார். அடுத்த மாதமே இரண்டாம் உலகப் போர் மூண்டுவிட்டது. அங்கேயே தங்கினார். லண்டனில் இருந்த ஜான் இன்னஸ் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் 1940 முதல் 1945 வரை வேலை பார்த்தார்.

இரவில் விமானங்கள் குண்டு வீசும். கட்டிலுக்கு அடியில் பதுங்கிக்கொள்வார். விடிந்ததும் உடைந்து கிடக்கும் கண்ணாடித் துண்டுகளைப் பெருக்கித் தள்ளிவிட்டு, மீண்டும் ஆராய்ச்சியைத் தொடர்வார். இப்படியே 5 வருடங்கள். அங்கே சி. டி. டார்லிங்டன் என்ற அறிஞரோடு சேர்ந்து, மனிதன் பயிரிடும் செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் தொகுத்து ஒரு பெரிய நூல் எழுதினார். அது 1945ஆம் ஆண்டு வெளியானது. உலகெங்கும் பயிர் ஆராய்ச்சி செய்தவர்களுக்கு அது கையேடாக விளங்கியது.

பிறகு விஸ்லி என்ற இடத்தில் உள்ள அரச தோட்டக்கலைக் கழகத்தின் தோட்டத்தில் வேலை. மக்னோலியா மரக் கன்றுகளில் ஒரு மருந்தைத் தடவி, அவற்றின் குரோமோசோம் எண்ணிக்கையை இரண்டு மடங்காக்கினார். வெள்ளைப் பூப்பூக்கும் ஒரு மக்னோலியா வகைக்கு ஜானகி அம்மாள் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

எரிந்துபோன மரம்

நாடு சுதந்திரம் அடைந்தது. இந்தியத் தாவரவியல் அளவாய்வுத் துறையைச் சீரமைக்க வரும்படி பிரதமர் நேரு அவரை 1951ஆம் ஆண்டு அழைத்தார். ஜானகி அம்மாள் திரும்பி வந்தார். நம் நாட்டில் எங்கே என்ன செடி இருக்கிறது என்று கணக்கெடுப்பதுதான் அந்தத் துறையின் வேலை.

ஒருமுறை ஓர் அபூர்வ மக்னோலியா மரத்தைத் தேடி ஷில்லாங்கிலிருந்து 37 மைல் பயணம் செய்து போனார். அந்தப் பக்கத்தில் அந்த இனத்தில் அந்த ஒரு மரம்தான் இருந்தது. போய்ப் பார்த்தால் அது எரிக்கப்பட்டிருந்தது. அவருடைய மனம் எப்படி வலித்திருக்கும்! அன்று நாட்டில் உணவுப் பஞ்சம். அதிகம் விளைவிக்க வேண்டும் என்று காடுகளை அழித்து வயலாக்கிக் கொண்டிருந்தார்கள். பசி தீர வேண்டும் என்பது சரிதான். ஆனால் நாளைக்குப் பயிருக்குப் பலம் கொடுக்கப்போகிற காட்டு உறவுகளையும் சேர்த்து அழித்துவிட்டால், அந்தப் பலத்தை எங்கே போய்த் தேடுவது? நாணல் அழிந்திருந்தால் கோ 205 பிறந்திருக்குமா?

1955ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரில், மனிதன் பூமியை எப்படி மாற்றிவருகிறான் என்பதைப் பற்றி ஒரு பெரிய மாநாடு நடந்தது. அதில் பேச அழைக்கப்பட்ட ஒரே பெண் ஜானகி அம்மாள்தான்.

ஓய்வு பெற்ற பிறகும் அவர் ஓயவில்லை. 1970ஆம் ஆண்டு சென்னைக்கு வந்து, மதுரவாயலில் இருந்த சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலையைத் தொடர்ந்தார். மூலிகைகளையும், மலைவாழ் மக்கள் செடிகளைப் பயன்படுத்தும் முறைகளையும் ஆராய்ந்தார். எளிய வாழ்க்கை. மஞ்சள் நிறப் புடவை. 1977ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அப்போது கேரளத்தில் அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டில் குந்திப்புழை ஆற்றின் குறுக்கே மின்சாரத்துக்காக அணை கட்டத் திட்டமிட்டார்கள். கட்டினால் அரிய காடு நீரில் மூழ்கிவிடும். 80 வயதைக் கடந்த ஜானகி அம்மாள் அதை எதிர்த்தவர்களோடு நின்றார். அந்தக் காட்டுச் செடிகளின் குரோமோசோம்களைக் கணக்கெடுக்கும் வேலையிலும் இறங்கினார். 1984ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் தேதி அவர் காலமானார். அதே ஆண்டு நவம்பரில் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதைப் பார்க்க அவர் இல்லை. ஆனால் காடு இருக்கிறது.

மாணவனின் கேள்விக்குப் பதில்

இப்போது என் மாணவன் கேட்ட கேள்விக்கு வருவோம். நாட்டுச் சோளத்தின் பலத்தை அப்படியே எடுத்து மக்காச்சோளத்துக்குக் கொடுத்துவிட முடியாது. தூரத்து உறவுகளுக்கு நடுவில் அந்தக் கதவு எவ்வளவு குறுகல் என்று பார்த்தோமே. ஆனால் மக்காச்சோளத்துக்குள்ளேயே ஆயிரக்கணக்கான வகைகள் உண்டு. சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் மெக்சிகோவில் ஒரு காட்டுப் புல்லிலிருந்து மனிதர்கள் அதை உருவாக்கினார்கள். அதன் பிறகு எத்தனையோ மண்ணில், எத்தனையோ மழையில் வளர்ந்து வகை வகையாகப் பிரிந்தது. வறண்ட நேரத்திலும் முடியும் மகரந்தமும் ஒரே சமயத்தில் வெளிவரும் செடிகள் அந்தக் கூட்டத்தில் இருக்கின்றன. விஞ்ஞானிகள் வேண்டுமென்றே தண்ணீரை நிறுத்திப் பார்த்து, அப்படிப்பட்ட செடிகளைத் தேர்ந்தெடுத்துக் கலக்கிறார்கள். நல்ல விதை கிடைக்கப் பல ஆண்டுகள் ஆகும். நம் திண்டுக்கல் மாவட்டத்திலேயே, பழனி வட்டாரத்தில் உள்ள வாகரையில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மக்காச்சோள ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியுமா?

தேர்ந்தெடுக்க வேண்டுமானால் வகைகள் மிச்சம் இருக்க வேண்டும். ஜானகி அம்மாள் வாழ்க்கை நமக்குச் சொல்வது இதைத்தான். பழைய விதையையும் காட்டுப் புல்லையும் இன்று காப்பாற்றினால்தான் நாளை பொக்கைக் கதிருக்கு மருந்து கிடைக்கும்.

இன்னொரு இனிய செய்தி. எங்கள் ஊருக்கு மேலே, கொடைக்கானலில், ரோஜாக்களை உருவாக்கும் வீரராகவன், கிரிஜா தம்பதியர் நம் நாட்டுக் காட்டு ரோஜாக்களைக் கலந்து, வெயிலைத் தாங்கும் தோட்ட ரோஜாக்களை உருவாக்கப் பாடுபட்டவர்கள். அவர்கள் உருவாக்கிய ரோஜா ஒன்றுக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? இ. கே. ஜானகி அம்மாள்!

அந்த மாணவன் இன்று விவசாயி. விதைப்புக்கு முன் பத்து கைப்பிடி நாட்டுச் சோளத்தை ஒரு மண்கலயத்தில் சாம்பல் கலந்து எடுத்து வைக்கிறான். குழந்தைகளே, அடுத்த விடுமுறையில் உங்கள் தாத்தா பாட்டியிடம் ஒரு கேள்வி கேளுங்கள். அவர்கள் காலத்தில் விதைத்த விதைகளில் எவையெல்லாம் இன்னும் வீட்டில் இருக்கின்றன? பெயர்களை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஜானகி அம்மாளும் அப்படி எண்ணி எழுதித்தான் தொடங்கினார்.